காலி வலை

செவ்வாய், இரவு

படாளம் பக்கம் பாலாற்று மடுவில் போடும் வலை ஆறு மணி நேரம் தண்ணீரில் கிடக்க வேண்டும். எங்கள் மீன் கணக்கெடுப்பின் விதி அது. அந்த விதியை எழுதியவனே நான்தான். இன்று வெயில் தாங்கவில்லை, இரண்டு மணி நேரத்திலேயே தூக்கச் சொன்னேன்.

வலைபோடும் செல்வம் அண்ணன் தடுத்தார். "இன்னா சார் அவசரம்? வெயிலு சாயட்டும், அப்பதான் கெளுத்தி வெளிய வரும்."

"எனக்குத் தெரியும், தூக்குங்க" என்றேன்.

வலை காலி. 'ஆறு மணி நேரம், நாட்டுக் கெளுத்தி இல்லை' என்று பதிந்து அனுப்பினேன். மூன்று முறை இல்லையென்றால் அந்த மடுவைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இது மூன்றாவது முறை.

இரவு எட்டு மணிக்கு செல்வம் அண்ணனே போன் செய்தார். "சார், நீ போனப்பறம் அங்கியே மறுபடி வலை போட்டேன். ரெண்டு கெளுத்தி மாட்டிச்சி. உசுரோட வுட்டுட்டேன்."

"போட்டோ இருக்கா?" அதைத்தான் கேட்டேன்.

"முள்ளு குத்தி வெரலு வீங்கிக் கீது, வேணும்னா அத்த எடுத்துக்கோ" என்று சிரித்தார். "எழுதிக்கினியா சார்?"

"எழுதிட்டேண்ணே."

எழுதவில்லை. அவர் வலை போட்ட நேரத்தில் என் வலைதான் அங்கே கிடந்தது என்று பதிந்திருக்கிறேன்; அந்த இரண்டு மீனையும் எழுத வேண்டுமானால், ஆறு மணி நேரம் என்றது பொய் என்று முதலில் எழுத வேண்டும்.

லேப்டாப்பைத் திறந்து 'இரண்டு மணி நேரம்' என்று திருத்திவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை. அவர் விரலுக்கு மருந்து போட்டாரா என்றுகூட நான் கேட்கவில்லை.