மூன்றாவது கரண்டி

செல்வி,

நீ மார்க்கெட்டிலிருந்து வருவதற்குள் பஸ் போய்விடும். திண்டிவனத்தில் பகல் ஷிப்ட் வேலை ஒன்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாவி பக்கத்து வீட்டு வீரம்மா அக்காவிடம். கேப்பைக் கூழ் மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று நீ மூன்றாவது கரண்டி போட வந்தபோது தட்டைக் கையால் மூடினேன். "வேலைய உட்டுட்டு ஊட்ல ஒக்காந்துக்கினு, என் கை சோறு எறங்கலியா ஒனக்கு?" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டாய். சோற்றில் குறை இல்லை. வயிறு நிறைந்துவிட்டது. நைட் ஷிப்டில் மணி அடிப்பதற்குள் மெல்லாமல் விழுங்கியவனுக்கு, டாக்டர் சொன்னபடி மென்று தின்ற பிறகுதான் வயிறு நிறைவதே தெரிகிறது.

மெதுவாகத் தின்றால் எதிரில் நடப்பதும் தெரிகிறது. எனக்கு அள்ளி அள்ளிப் போட்டுவிட்டு, நீ அடுப்பு முன்னால் நின்றபடி குண்டானைச் சுரண்டித் தின்கிறாய். அதைப் பார்த்துக்கொண்டு எனக்கு இறங்காது. இனி நானே போட்டுக்கொள்கிறேன். நீயும் தட்டு வைத்து உட்கார்.

உன்னைக் கூட்டிப் போக உன் அண்ணன் மதியம் வளவனூரிலிருந்து வருகிறாராம். நீதான் வரச் சொன்னாயாம். தடுக்கவில்லை. போவதானால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

பிரான்சிஸ்

மல்லாட்டைத் துவையல் நன்றாக இருந்தது, கடலை பதமாக வறுபட்டிருந்தது. நீ தட்டைப் பிடுங்காமல் இருந்திருந்தால் நேற்றே சொல்லியிருப்பேன்.