ஐந்துக்கு ஐந்தும் தவறு

அன்பு இணையே,

வணக்கம். நான் நலம். உன் கால்வீக்கம் வடிந்ததா? மருந்தைத் தவறாமல் உண்கிறாயா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது, கேட்டுச் சிரி. வேளாண் சூழலியல் முதுநிலை மாணவர் எவராயினும், களஆய்வுக்குச் செல்லுமுன் ஒரு தேர்வில் தேற வேண்டும். நனைத்த மண்ணைக் கட்டைவிரலால் பட்டைபோல் நீட்டி, அது களியா, வண்டலா, மணலா என்று தொட்டே சொல்ல வேண்டும். மேடைதோறும் ‘மண்ணே நம் உயிர்!’ என்று முழங்கிய உன் கணவன் ஐந்துக்கு ஐந்தும் தவறாகச் சொன்னான்.

“என்ன தலைவரே, மைக் இல்லன்னா மண்ணு உங்க பேச்ச கேக்க மாட்டேங்குதா?” என்றார் ஆய்வக உதவியாளர். எல்லாரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். பிறகு அவரே, பழகிப் பார்க்க மூன்று டப்பாக்களில் மண் கொடுத்தார்.

வியாழனன்று மறுதேர்வு. அதிலும் தவறினால் பெயரை நீக்கிவிடுவர். நாற்பத்தொரு வயதில் வேலையை உதறிவிட்டுப் படிக்க வந்தவன், எந்த முகத்தோடு திரும்புவேன்? இப்போது டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருக்கிறேன்.

ஒரே வேண்டுகோள். மாவு பிசைகையில் பதமாகிவிட்டதென்று பாராமலே சொல்வாயே, அதை விரலின் எந்த இடத்தில் உணர்கிறாய்? இம்மின்மடல் கண்டதும் அழை. நீ சொல்லச் சொல்ல, கையில் மண்ணோடு கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆய்வகத்தைப் பூட்டப் போகிறார்கள்; டப்பாக்களோடு அறைக்குக் கிளம்புகிறேன்.

அச்சத்தை உன்னிடம் மட்டும் சொல்லும்,
உன்னவன்