உன் அஞ்சலிக் கூட்டத்தில் சொல்லாதது

உனக்கு நான் கடைசியாய் எழுதிய கடிதம் இன்று காலமை என் லண்டன் பிளேஸ்டோ வீட்டுக்கே திரும்பி வந்தது. 'பெறுநர் காலமானார்' என்று உறையின்மேல் மன்னார்த் தபால்காரர் பேனையால் எழுதியிருந்தார். உன் மனைவி தொலைபேசியில் முன்னமே சொல்லியிருந்தார்தான். ஆனாலும் கதவடியில் குனிந்து அதை எடுத்தபோதுதான், இனி எழுத ஆளில்லை என்பது உறைத்தது.

நாங்கள் ஒரே வகுப்பு. பிறகு வேறு வேறு இயக்கம். உங்கள் இயக்கம் எங்களைத் தடைசெய்து தேடித்தேடிச் சுட்ட நாட்களில், தப்பிப்போகும் படகுக்காகக் கரையோரப் பற்றைக்குள் ஒளிந்திருந்த என்னைக் கண்டுபிடித்தது நீ. துவக்கை நீட்டினாய். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ, "என்னடா இப்பிடி மெலிஞ்சு போனாய், சாப்பிடுறேல்லையோ?" என்று கேட்டுவிட்டேன். நீ துவக்கைத் தாழ்த்தினாய். பிறகு, "துறைப்பக்கம் போகாதை, எங்கட பெடியள் நிக்கிறாங்கள். பனங்கூடலுக்குள்ளால ஓடு" என்றுவிட்டுத் திரும்பி நடந்தாய்.

யுத்தம் முடிந்து கனகாலத்துக்குப் பிறகு, லண்டன் வந்துபோன உங்கள் தேவாலயப் பங்குச் சுவாமியிடம் என் முகவரி வாங்கி நீதான் முதலில் எழுதினாய். ஒரு கால் சண்டையில் போய்விட்டது, நீரிழிவும் வந்துவிட்டது; "மிச்சக் காலைச் சீனி வருத்தம் பாத்துக்கொள்ளுது" என்று பகிடி விட்டிருந்தாய். நான் என் முழங்கால் வலியை எழுதினேன், தனியே சமைக்கிறதை எழுதினேன். ஒரேயொரு முறை, ஏன் என்னை விட்டாய் என்று கேட்டேன்.

"சாப்பிட்டியோ எண்டு கேட்டவனை எப்பிடியடா சுடுறது?" அவ்வளவுதான் பதில். அடுத்த வரியில் மாங்கன்று பூத்ததை எழுதியிருந்தாய்.

போன ஞாயிறு இங்கே ஹரோவில் உங்கள் இயக்கத்துக்காரர் உனக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். வாசலில் நின்றவர் என்னை அடையாளம் கண்டுவிட்டார்.

"நீங்கள் மற்ற இயக்கமல்லோ?"

"ஓம். அவன்ர சிநேகிதன்."

உள்ளே விட்டார். என் பக்கத்துக் கதிரைகளில் யாரும் இருக்கவில்லை. நீ நின்ற சண்டைகளையெல்லாம் மேடையில் சொன்னார்கள். உன் துணிவைச் சொன்னார்கள். அந்தப் பற்றையடியில் நீ செய்ததை எழும்பிச் சொல்லத் தொண்டை வரை வந்தது. சொன்னால் அந்த மண்டபத்தில் நீ துரோகியாகிவிடுவாய் என்று பயந்தேன்.

உன் படத்தடியில் பூவை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ரயிலேறினேன். நீ செய்ததிலேயே பெரிய காரியம், இனி என் ஒருவனுக்குத்தான் தெரியும்.