ஆணி ஓட்டையோடு ஓர் அறிவிப்பு

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

நானும் உன் அம்மாவும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டுக்கொண்டாலும் காகிதத்தில் ஒரு தடவை விசாரித்தால்தான் எனக்கு மனசு ஆறும். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, என்னைத் திட்டும்போது சுத்தமாக வலிப்பதில்லையாம். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, தண்ணீரே வருவதில்லை. நீ ஈரத்தலையோடு ஆபீசுக்கு ஓடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எங்கள் நாடகம் முடியப்போகிறது என்று போனில் சொன்னேன், அப்பா இது எத்தனாவது கடைசி என்று கேட்டுச் சிரித்தாய். உன்மேல் தப்பில்லை. எங்கள் முதலாளி வாசலில் ‘கடைசிப் பத்து நாட்கள்’ என்று தட்டி வைத்துப் பதினோரு மாதம் ஆகிறது, அந்தத் தட்டிக்கே இரண்டு தடவை வர்ணம் அடித்தாயிற்று. எங்களுக்கோ ஒப்பந்தப்படி பதினாலு நாள் முன்னால், நாடகம் முடிகிற தேதியைப் பின்வாசல் பலகையில் காகிதம் ஆணியடித்துச் சொல்ல வேண்டும். கூட்டம் குறைந்தால் தொங்கவிடுவார், நாலு டிக்கெட் கூடுதலாக விற்றால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். தேதி மட்டும் எப்போதும் பென்சிலில். முதல் தடவை அதை நம்பித்தான் உன்னை லீவு போடச் சொன்னேன், நீ லீவு வாங்கிய மறுநாளே கழற்றிவிட்டார். இரண்டாவது தடவை நடந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. அப்போது பலகையில் ஒரு காகிதமும் இல்லை. உன்னைப் பார்க்க வேண்டும்போல இருந்தது, நானாகவே ஒரு கடைசி நாளைச் சொல்லிவிட்டேன். லீவு கிடைக்கவில்லை என்று நீ போனில் அழுதாய், பாவி நான், நாடகம் நீடித்துவிட்டதும்மா என்று உன்னைத் தேற்றவும் செய்தேன். விஷயம் தெரிந்ததும் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் வாயைத் திறந்து, முப்பது வருஷம் அந்த ஆள்கிட்ட வேலை பார்த்து வேற ஒண்ணும் கத்துக்கலை, புளுகு மட்டும் கத்துக்கிட்டீங்க என்றாள்.

இந்தத் தடவை நிஜம். தேதியைப் பேனாவில் எழுதியிருக்கிறார். இரண்டாம் காட்சி சோபாவை வாடகைக் கடைக்காரர் வந்து தூக்கிப்போய்விட்டார், பணக்காரக் குடும்பம் இப்போது நின்றுகொண்டே சொத்துச் சண்டை போடுகிறது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் முதலாளி எல்லோரிடமும் சாப்பிட்டீங்களா என்று கேட்கிறார். அதைக் கேட்டதுமே, திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவர் தன் டம்ளரையும் துண்டையும் பையில் போட்டுக்கொண்டார். நான் இத்தனை வருஷம் ஏணிமேல் நின்று மற்றவர் முகத்தில் வெளிச்சம் போட்டவன். சின்ன வயசில் நீ நாடகம் பார்க்க வந்து எங்கப்பா எங்கே என்று கேட்டால் அம்மா மேலே இருட்டைக் கைகாட்டுவாள். நீதிபதியாக நடித்தவர் விலகியதும், அந்த அங்கி எனக்குப் பொருந்தியதால் கிடைத்த வேஷம் இது. பதினோரு வரி. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே என்னைவிடச் சுத்தமாகத் தீர்ப்புச் சொல்வாள். இனிமேல் என்னை யாரும் மேடையில் ஏற்றப்போவதில்லை, நீ ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் குட்டிம்மா, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

உன் ஆபீசில் லீவுக்கு ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டும், கடிதம் வந்து சேர நாலு நாள். நீ சிரித்ததில் ஏழு நாள் போய்விட்டது, மீதி ஏழுதான். விரல் விட்டு எப்படி எண்ணினாலும் போதவில்லை. அப்போதுதான் முதலாளி சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. முந்தின நாடகம் முடிந்தபோது, திரை இழுப்பவர் எனக்கு யாரும் சொல்லலையே என்று முறையிட, பலகையில இருந்தா சொன்னதா அர்த்தம், இல்லேன்னா சொல்லலைன்னு அர்த்தம், பதினாலு நாளும் தொங்கிச்சா இல்லையா, அதான்யா சட்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நேற்றுக் காலை கூட்டிப் பெருக்குகிற ஆயா வருவதற்கு முன்னால் போய் அந்தக் காகிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். முதலாளி முதலில் காற்று என்றார், அப்புறம் எலி என்றார். வசனம் எடுத்துக்கொடுப்பவர் சும்மா இருப்பாரா, முதலாளி சொன்ன சட்டத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் அவருக்கே எடுத்துக்கொடுத்தார். சாயங்காலம் புதுக் காகிதம் ஏறியது, இன்றிலிருந்து மறுபடியும் பதினாலு நாள். காலையில திருட்டு, சாயங்காலம் நீதிபதியா, நல்லா இருக்கு உங்க நியாயம் என்றாள் அம்மா. ஆனால் உன் அறைக்குப் புதுப் படுக்கை விரிப்பு போட்டதும் அவள்தான்.

பழைய காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். என் பேச்சை நம்ப வேண்டாம், பேனா மையைப் பார், கையெழுத்தைப் பார், ஆணி ஓட்டையைப் பார். பார்த்துவிட்டு லீவு எழுதிக்கொடு.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், நினைத்தபோது நினைத்த இடத்துக்குப் போகிற கொடுப்பினையோடு நன்றாக இருக்க வேண்டும். காகிதத்தைத் தொலைத்துவிடாதே, வரும்போது கொண்டுவா, முதலாளியிடம் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒருவேளை லீவு கிடைக்க ஐந்தாறு நாள் தள்ளிப்போனால் கூச்சப்படாமல் சொல், புதுக் காகிதத்தின் ஆணியும் கொஞ்சம் லூசாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும்
அப்பா