ரிமோட்டுக்குப் போன பேட்டரி

என்னங்க,

டிவி ரிமோட் வேலை செய்யாது, தட்டிப் பாக்காதீங்க. பிரஷர் பாக்குற மெஷின்ல இருந்து ரிமோட்டுக்கு நீங்க கழட்டின பேட்டரியை அதுலயே திரும்பப் போட்டுட்டேன்.

காலையில இருந்து மண்டை பிளக்குது, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது. "மாசமா இருந்தா எல்லாருக்கும் இப்படித்தான், தூங்கினா சரியாயிடும்"னுட்டுப் போயிட்டீங்க. இதுதான் மாசமா இருக்கறப்ப பிரஷர் ஏறுற பிரீஎக்லாம்ப்சியாவோட அறிகுறி, விட்டா வலிப்பு வரும், பிள்ளைக்கும் ஆபத்துன்னு நர்ஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே! செவிடன் காதுல ஊதின சங்கு.

பக்கத்து வீட்டு அக்காவோட ஆஸ்பத்திரிக்குப் போறேன். சோறு மட்டும் வடிச்சேன், அதுக்கு மேல நிக்க முடியலை.

பி.கு.: மெஷின்ல மெமரி பட்டனை அமுக்குங்க, நான் கடைசியா எடுத்த பிரஷர் வரும். அதைப் பாத்துட்டு, "தூங்கினா சரியாயிடும்"னு இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க. வாய் வரலைன்னா ஓடி வாங்க.