ரெட்டைச் சுழிக்காரிக்கு

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கியபோது அடியில் ஒரு நோட்டீஸ் கிடந்தது. ரோஸ் கலர் காகிதம். குனியும்போதே அந்தச் சென்ட் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. யார் என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. நம்ம பேரழகிதான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒற்றை அறையில் பார்லர் வைத்திருந்தாளே, அவளேதான். இப்போது என் மேட்சிங் சென்டருக்கு நேர் எதிரே கண்ணாடிக் கதவு போட்டு, அகாடமி என்று போர்டு மாட்டித் திறக்கிறாளாம். முடி வெட்டச் சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம். நோட்டீசில் அவள் படத்துக்குக் கீழே 'உங்கள் நம்பிக்கைக்குரிய' என்று அச்சடித்திருக்கிறது. படித்ததும் உன்னைத்தான் நினைத்தேன். நீ இருந்திருந்தால் என் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில் எச்சில்தான் ஊறியது. காலை வேளையில் கடை வாசலில் துப்பக் கூடாதே என்று விழுங்கினேன்.

நம்பிக்கையாம். அந்த ஒன்றைத் தேடி நீயும் நானும் எத்தனை படி ஏறி இறங்கினோம்! பெரம்பலூரில் பார்லருக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் ஒரு பார்லர். கல்லூரிப் பிள்ளைகளை நம்பித் தெருவுக்கு ரெண்டு முளைத்திருக்கிறது. கத்தரிக்கோலை எந்த விரலில் மாட்டுவது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறார்கள். ஆனால் தைரியமாகத் தலையைக் கொடுக்க ஓர் ஆள் கிடைத்தாளா? அதுவும் உன் தலையை?

உன் உச்சந்தலையில் அக்கம்பக்கமாக ரெண்டு சுழி. விக்கிரமங்கலத்தில் பிறந்த அன்றிலிருந்து இருக்கிற சுழி. சின்னப் பிள்ளையில் சடை பின்னும்போதெல்லாம் உன் அத்தைமார்கள், "இவளுக்கு ரெண்டு கல்யாணம்டி" என்று கேலி செய்வார்களாம். கேலி கேலியாகவே இருந்திருந்தால் ஒன்றுமில்லை. கல்யாணமான நாலாவது வருஷம், அரியலூரிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்த உன் புருஷன், சாலையோரம் நின்ற சுண்ணாம்புக்கல் லாரியில் மோதிப் போய்ச் சேர்ந்தார். லாரிக்குப் பின்னால் விளக்கு இல்லை. ஊரில் ஒருத்தராவது அந்த விளக்கைப் பற்றிப் பேசினார்களா? லாரிக்காரனை ஒருத்தர் ஏசினார்களா? எல்லாரும் உன் உச்சந்தலையைப் பார்த்தார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவார்கள் என்று கேட்டிருக்கிறேன். சுழிக்கும் லாரிக்கும் முடிச்சுப் போட்ட புத்திசாலிகளை அப்போதுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நீ முடியை இறுக்கி, சுழிக்கு மேலேயே கொண்டையாக முறுக்கிப் போட ஆரம்பித்தாய். தாலுகா ஆபீஸில் டைப் அடித்துவிட்டுச் சாயந்தரம் என் கடைக்கு வருவாய். வந்து உட்கார்ந்ததும் நெற்றிப்பொட்டை அமுக்கிக்கொள்வாய்.

"தலைவலி உசுரு போவுதுடி. பேசாம வெட்டிரலாம்னு இருக்கு."

"வெட்டித் தொலையேன்."

"வெட்டுறவ வகுந்து பாப்பாளே."

அந்தச் சமயத்தில்தான் உன் ஆபீஸ் சர்வேயர் உன்னைக் கேட்டார். மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாதவர். டீ குடிக்கும்போது நேருக்கு நேராகவே கேட்டாராம், "நம்ம கல்யாணம் பண்ணிக்கலாங்களா?" என்று. நீ மாட்டேன் என்றாய். கொஞ்ச நாள் விட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் மாட்டேன் என்றாய். என் கடையில் லைனிங் துணிக் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாயே, அது எனக்கு மறக்கவில்லை.

"எனக்கு அவரப் புடிக்காமயாடி இருக்கு? எம்மண்டையில இருக்கிறது அவரையும் தூக்கிருச்சுன்னா?"

"படிச்சவதானடி நீ?"

"படிச்சதெல்லாம் மண்டைக்குள்ள இருக்கு. சுழி மண்டைக்கு மேலல்ல இருக்கு?"

அன்றைக்கு நான் உனக்குச் செய்த உபதேசத்தை மைக் வைத்துப் பேசியிருந்தால் சால்வை போட்டிருப்பார்கள். உன்னிடம் ஒன்றும் பலிக்கவில்லை. ஊரார் சொன்னதை நீயும் உள்ளுக்குள் நம்பிவிட்டாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சரி, முதலில் தலைவலியாவது தீரட்டும் என்று உன்னைப் பேரழகியின் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அவள் கொண்டையை அவிழ்த்தாள், தண்ணீர் அடித்தாள், வகிர்ந்தாள், நிறுத்தினாள்.

"ஐயோ அக்கா! ரெட்டைச் சுழி! ஏய், இங்க வாங்கடி எல்லாரும், வந்து பாருங்க!"

புருவம் திருத்திக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்தாள். கல்யாணப் பெண் ஒருத்தி முகத்தில் பூசிய மாவோடு வந்து எட்டிப் பார்த்தாள். கண்காட்சியில் ரெண்டு தலைக் கன்றுக்குட்டி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி.

"சார் என்னக்கா பண்றாரு?"

"தவறிட்டாருங்க" என்றாய்.

"அதான பாத்தேன்! கைய வெச்சதுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு. கவலப்படாதீங்கக்கா, இன்னொன்னு இருக்கு உங்களுக்கு. ஆனா அதுவும்..." என்று இழுத்து, உச்சுக் கொட்டினாள்.

நான் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாய். "முடிய வெட்டி விட்டுருங்க" என்று மட்டும் அவளிடம் சொன்னாய். அவள் வாய் ஒரு பக்கம் போக, கத்தரி ஒரு பக்கம் போக, இடது பக்கம் தோளைத் தொட்டது, வலது பக்கம் காதோடு நின்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் உன் தலையே கோணல் என்றாள். போதாததற்குப் பின்னாலிருந்து போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் உன் ஆபீஸ் முழுக்கச் சுழிப் பேச்சு. சர்வேயர் அதையும் கேட்டுவிட்டுத்தான் மூன்றாம் முறை உன்னிடம் வந்தார். நீ மூன்றாம் முறையும் மாட்டேன் என்றாய்.

கோணலைச் சரிசெய்ய அரியலூருக்குப் போனோம். அங்கே ஒருத்தன். மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்குமே, அந்தக் கலரில் அவன் தலை. உன்னை நாற்காலியோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

"மேடம், இந்தச் சுழியெல்லாம் கெமிக்கல் போட்டு ஸ்ட்ரெய்ட் பண்ணிரலாம் மேடம். பேக்கேஜ் இருக்கு."

தலையெழுத்துக்கு இஸ்திரி போடுகிறவனை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, அதற்குப் பின்பும் பார்க்கவில்லை. துண்டை உருவி அவன் கையில் கொடுத்துவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பிறகுதான் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஜாக்கெட் துணி எடுக்க வந்த ஒரு பெண், பர்க்கத்தைப் பற்றிச் சொன்னாள். "எங்க ஊருல ஒரு அம்மா வூட்டுலயே வெட்டுவாங்க. கை நல்ல கை. வாய்தான் ஆகாது."

"ரொம்பப் பேசுவாங்களா?" என்று நீ பயந்துகொண்டு கேட்டாய்.

"பேசவே மாட்டாங்க. பேசுனா கடிப்பாங்க."

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினோம். தெருவோர வீடு. 'பெண்கள் மட்டும்' என்று ஒரு சின்னத் தகரம். கனத்த திரை. திரைக்கு உள்ளே ஸ்டூல் மேல் ஒரு சில்வர் சட்டி.

"போனெல்லாம் சட்டியில போடுங்க." வாங்க, உட்காருங்க ஒன்றும் கிடையாது. அதுதான் பர்க்கத்தின் வரவேற்பு.

அங்கே வருகிறவர்கள் வெளியாள் கண்ணில் முடி படாமல் வளர்ந்த பெண்கள். புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்கிற ஒரே நாற்காலி அது. யாரும் படம் எடுத்துவிடக் கூடாது, அதனால்தான் சட்டி. நாம் போயிருந்தபோதே அதில் ஒரு போன் அலறியது. "வூட்டுக்காரரு, துபாய்லேர்ந்து" என்று ஒரு பெண் எழுந்தாள். "அடிக்கட்டும். துபாய் எங்கயும் ஓடிப்போயிராது" என்றாள் பர்க்கத். இன்னொருத்தி பக்கத்து வீட்டுக் கதையை எடுத்தாள். கத்தரி நின்றுவிட்டது. "இங்க பாத்தது கேட்டது எல்லாத்தையும் முடியோட சேத்துக் கூட்டி அள்ளிப் போட்டுட்டுத்தான் கதவத் தெறப்பேன். பேசுறதுன்னா தெருவுல போயிப் பேசுங்க." அடேயப்பா, என்ன திமிர்! எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

உன் முறை வந்தது. நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் விரல் உச்சிக்கு வந்ததும் நீ கண்ணை மூடிக்கொண்டாய். விரல் அங்கே கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு கத்தரிச் சத்தம்தான் கேட்டது. ரெண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி வெட்டி, துணியை உதறினாள். உனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"எந்தலையில... ஒண்ணும் பாக்கலீங்களா?"

"பாத்தேனே."

உன் முகம் செத்துப்போயிற்று.

"பொடுகு இருக்கு. சீயக்கா போட்டு அலசுங்க."

"வேற?"

"வேற என்ன வேணும்? தலன்னு இருந்தா முடியும் இருக்கும், பொடுகும் இருக்கும். எந்திரிங்க, ஆளு காத்திருக்கு."

பஸ்ஸில் வரும்போது உனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பொடுகாம்டி! எத்தன வருசம் இத மூடி மூடி வெச்சேன், கடசியில பொடுகாம்டி!" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். பெரம்பலூர் வருவதற்குள் போனை எடுத்துச் சர்வேயரைக் கூப்பிட்டாய். கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று கத்திக்கொண்டிருந்தார். "சரிங்க" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாய். அந்தப் பக்கம் என்ன சரி என்று அவருக்குப் புரியவில்லை போல. "நீங்க கேட்டீங்கள்ல, அதுக்குத்தாங்க" என்று இன்னொரு தடவை சொன்னாய்.

என் உபதேசத்துக்கு அசையாதவள் ஒரு பொடுகுக்கு அசைந்துவிட்டாய் என்று எனக்கு உள்ளூரக் கோபம்தான். யோசித்தால் நியாயம் புரிகிறது. நான் அந்தச் சுழியோடு மல்லுக்கு நின்றேன். பர்க்கத் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இளக்காரம் காட்டவேண்டியதற்கு இளக்காரம் காட்ட எனக்கு அவள்தான் கற்றுக்கொடுத்தாள்.

அதன்பிறகு எத்தனை வருஷம் சேர்ந்து குடிக்காட்டுக்குப் போனோம்! உன் போனும் என் போனும் அந்தச் சட்டியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நீ சீயக்காய் அரைத்து வைத்துக்கொண்டு, கறுப்பு ஜாக்கெட் போட்ட நாளில் தோளைத் தோளைத் தட்டிப் பொடுகு தேடுவாய். ஒரு நாளும் ஒரு துளிகூட விழுந்ததில்லை. "சீயக்கா வேல செய்யுதுடி" என்பாய் பெருமையாக. உன்னைக் கட்டிக்கொண்ட அவரும் நன்றாகவே இருந்தார். சளி பிடித்ததைத் தவிர அவருக்கு ஒன்றும் வரவில்லை.

போன பங்குனியில் நீதான் போனாய். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நெஞ்சு வலிக்குது என்று உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை.

உன் வாசலில் எண்ணெய், சீயக்காய் வைக்க உன் கூந்தலை அவிழ்த்தபோது பேரழகி முன்னால் வந்து நின்றாள். சாவு வீட்டுக்கும் உதட்டுச் சாயத்தோடுதான் வந்திருந்தாள். குனிந்து உன் உச்சியைச் சுட்டிக்காட்டினாள்.

"பாருங்க, நான் அப்பவே சொன்னேன்ல? மொதல்ல அவர முழுங்குச்சு. இப்ப இவங்களையே முழுங்கிருச்சு."

அவள் கணக்கைப் பார்த்தாயா? சர்வேயர் செத்திருந்தால் சுழி. நீ செத்தால் அதுவும் சுழி. ரெண்டு பேரும் நூறு வயசு இருந்திருந்தாலும், இருங்க பார்க்கலாம் என்றிருப்பாள். தலைமாட்டில் நின்ற உன் சர்வேயர் காதில் அத்தனையும் விழுந்தது. அந்த மனுஷர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு புர்கா வந்தது. பர்க்கத். ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் உன் தலைமாட்டில் உட்கார்ந்து சீப்பை எடுத்தாள்.

"நீங்கதான வெட்டுவீங்க? நீங்களே சொல்லுங்க, சுழி இருந்துச்சா இல்லியா?" பேரழகி விடவில்லை.

பர்க்கத் நிமிர்ந்தே பார்க்கவில்லை. சிக்கெடுத்துக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"பொடுகு இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல. நவுந்து போடி!"

உன் சர்வேயர் சிரித்துவிட்டார். சாவு வீட்டில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், வாய்விட்டுச் சிரித்தார். நீ அவரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சிரிப்பு முடிவதற்குள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அதுவரை அவர் அழுதிருக்கவில்லை. பர்க்கத் உனக்குத் தலை வாரி முடித்து, பூவை மட்டும் என் கையில் கொடுத்தாள். நான் வைத்துவிட்டேன்.

இன்று மத்தியானம் பேரழகி நேரிலேயே தாம்பூலத் தட்டோடு கடைக்கு வந்துவிட்டாள். "தெறப்பு விழாவுக்கு அவசியம் வரணுங்கக்கா. அந்த அக்கா இருந்திருந்தா மொத ஆளா வந்திருப்பாங்க." என்ன நாக்கு பார்! வீட்டில் ஊறப்போட்டு எடுத்துக்கொண்டு வருவாளோ என்னமோ. "போன் போட ஒரு சட்டி வாங்கி வெய்யி, அப்பறம் பாக்கலாம்" என்றேன். புரியாமல் போனாள். புரியவைக்கிற பொறுமை எனக்கு இல்லை.

உனக்குச் சொல்லவேண்டிய விஷயமே வேறு. போன சனிக்கிழமை தனியாகக் குடிக்காட்டுக்குப் போயிருந்தேன். சட்டியில் என் போன் ஒன்றுதான் கிடந்தது. வெட்டி முடித்ததும் உன் ஞாபகத்தில் சும்மா கேட்டேன்.

"எனக்குப் பொடுகு இருக்காங்க?"

"உங்களுக்கு இல்ல" என்றாள். துணியை உதறினாள். முடியைக் கூட்ட ஆரம்பித்தாள். கூட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவங்களுக்கும் இல்ல."

அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். இத்தனை வருஷத்தில் நான் அதை மீறியதில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ யாரிடமும் சொல்லமாட்டாய்.