வெறுஞ்சுவரும் உன் இடது கையும்

நனைந்த துண்டைத் தோளில் போட்டபடி எப்போதும் எங்கோ கிளம்பிக்கொண்டே இருக்கும் என் அம்மாவுக்கு,

நலமா என்று கேட்க வழியில்லை. கேட்டாலும், "எனக்கென்ன, நீ சாப்பிட்டியா?" என்றுதான் திருப்பிக் கேட்டிருப்பாய். சாப்பிட்டேன். ஆனால் இந்த வீட்டில் இப்போது யாரையும் நம்பிப் பேச முடியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

கூடம் மாறிவிட்டது அம்மா. நீ படுத்திருந்த அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவர் போன மழையில் விரிசல் விட்டது. இடித்துவிட்டோம். இப்போது ஒரே பெரிய கூடமாகிவிட்டது. தெற்குப் பக்கம் பதினான்கு அடி நீளத்துக்கு ஒரே சுவர், வெள்ளை அடித்தபடி மொட்டையாக நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். தெற்குச் சுவரில் அம்மா படம் இல்லையே என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்காமல் கேட்பதில் நம் சொந்தக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

உன் படத்திறப்பில் நடந்தது உனக்குத் தெரியாது. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சின்னவன் தஞ்சாவூரில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிய படம் ஒன்று செய்து கொண்டுவந்தான். மாமா துணியை விலக்கினார். கழுத்து வரைக்கும் நீ, வாக்காளர் அட்டையில் இருக்கும் அதே முறைப்போடு. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு பணக்கார வீட்டு அம்மாள். அரக்குப் பட்டு, காசுமாலை, தோளில் தங்கப் பொத்தான் மாதிரி ஏதோ ஒன்று. எல்லாம் கம்ப்யூட்டரில் ஒட்டியது. நான் எழுந்து நின்று, "இது யாரு வீட்டு அம்மா?" என்று கேட்டேன். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சின்னவன் சிரிக்கவில்லை.

"உயிரோட இருக்கையில காசுமாலை போட்டுப் பாக்க எனக்குக் குடுத்துவைக்கல. படத்துலயாவது போடுவோம்னு பாத்தேன். உங்ககிட்ட வேற படம் இருந்தா குடுத்திருக்கலாமேண்ணே?"

இதை ஒத்திகை பார்த்துவிட்டு வந்து பேசுகிறான் என்றுதான் அன்று நினைத்தேன். சபையில் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு பேச அவனுக்கு எப்போதும் வரும். எனக்கு வராது. எல்லோரும் போன பிறகு அந்தப் படத்தை எடுத்துப் பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். அதிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. இரண்டு வருடமாகிறது. பேசுவதெல்லாம் உன் பேத்தி தேன்மொழியோடுதான், போனில்.

என்னிடம் வேறு படம் இருந்தது. இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மார்கழி பிறந்ததும் தேன்மொழி ஆரம்பித்தாள்.

"அப்பா, சித்தப்பா பொங்கலுக்கு வரலாம்னு இருக்காங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. அப்பாயி படம் செவுத்துல இருக்கான்னு."

"இல்லன்னா?"

"இல்லன்னா அந்தக் காசுமாலைப் படத்த எடுத்துக்கிட்டு அவங்க மாமனார் வீட்டுலயே பொங்கல் வச்சுக்குவாங்களாம். இனிமே இந்தப் பக்கமே வரமாட்டாங்களாம்."

பார்த்தாயா? வருகிறேன் என்று சொல்லவில்லை. என்னைப் பரீட்சை எழுதச் சொல்கிறான். சுவர் என்னுடையது, கேள்வி அவனுடையது. அன்றைக்கே முடிவு செய்தேன். அவன் வருவதற்குள் அந்தச் சுவரை ஓரம் விடாமல் நிரப்பிவிட வேண்டும். படம் மாட்ட இடமே இல்லை என்றால் கேள்வியும் இல்லை.

நிரப்புவது அவ்வளவு சுலபமில்லை அம்மா. நான் பாடம் நடத்திய கல்லூரியை மூடிவிட்டார்கள். டியூஷனும் நம் நிலமும்தான் இப்போது. கைக்கு அடக்கமாகத்தான் எதையும் செய்ய முடியும். முதலில் செங்கல் மாதிரி தெரியும் ஸ்டிக்கர் தாள் வாங்கி வந்து நானும் உன் மருமகள் கலாவும் ஒரு பகல் முழுக்க ஒட்டினோம். பின்னால்தான் வாய்க்கால் ஓடுகிறதே, சுவரில் ஓதம். நான்காம் நாள் அந்தச் செங்கல் எல்லாம் சுருண்டு தரைக்கு வந்துவிட்டது. கொத்தனார் பூசும்போதே ஏதோ குறை வைத்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். அவர் சின்னவனோடு படித்தவர்.

அடுத்தது நெற்கதிர். சம்பா அறுப்புக்கு நின்ற வயலில் நல்ல கதிராகப் பார்த்துப் பின்னித் தோரணமாகத் தொங்கவிட்டாள் கலா. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டே நாள். எலி ஏறிவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் சுவரில் வைக்கோல் தொங்குகிறது, கீழே உமி கிடக்கிறது.

பிறகு ஆறு முறம் வாங்கி, சாணம் மெழுகிக் காயவைத்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பெயிண்ட் அடித்தாள். அதை மாட்ட நான் ஸ்டூல் போட்டு ஏறினேன். மேல் வரிசைக்கு ஆணி அடிக்க எட்டவில்லை.

"தம்பி இருந்தா ஸ்டூலே வேணாம்" என்றாள் கலா.

தெரியாமல் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா? அவன் அப்பாவைப் போல வளர்ந்தவன், நான் உன்னைப் போல. பள்ளியில் குட்டையன், கல்லூரியில் மாணவர்களுக்குக் குட்டை சார். இருபத்தைந்து வருடம் குடித்தனம் செய்தவளுக்கு இது தெரியாதா என்ன? எதிர்வீட்டு ராஜாத்தி உள்ளே எட்டிப் பார்த்து, "என்னக்கா, மொறம் யாவாரமா? எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க" என்றாள். அன்றைக்கே முறத்தையெல்லாம் கழற்றிவிட்டேன்.

"இந்தச் செவுரு மேல உங்களுக்கு என்னங்க அவ்வளவு கோவம்?" என்று கலா கேட்டாள்.

இதற்கு நடுவில் தேன்மொழியின் நடமாட்டம் எனக்குப் பிடிபடவில்லை. நான் வயலுக்குப் போய்த் திரும்பினால் டேப்பை வைத்துச் சுவரை அளந்துகொண்டிருக்கிறாள். சுவரில் பென்சில் கோடு.

"யாருக்கு அளந்து அனுப்புற?"

"யாருக்கும் இல்லப்பா. சும்மா."

சும்மா யாராவது சுவரை அளப்பார்களா? போனைக் கவிழ்த்து வைக்கிறாள். கலாவும் அவளும் அடுப்படியில் பேசுவது நான் போனால் நின்றுவிடுகிறது. ஒருநாள் என் சான்றிதழ் கோப்பு, பீரோவில் எப்போதும் இருக்கும் தட்டில் இல்லாமல் அதற்குக் கீழ்த் தட்டில் இருந்தது. அதற்குள்தான் நான் சபையில் சொல்லாமல் விட்ட அந்தப் படம்.

உனக்கு நினைவிருக்கிறதா? நான் பட்டம் வாங்கி வந்த அன்று திருக்காட்டுப்பள்ளியில் எடுத்தோம். வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியோடு உனக்கு வலப்பக்கம் நான். நடுவில் நீ, செருப்பில்லாமல், வெளுத்துப்போன பச்சைச் சேலையில். உனக்கு இடப்பக்கம் பத்தாம் வகுப்புப் படித்த சின்னவன், காக்கி அரைக்கால் சட்டையில். நீ வாய்கொள்ளாமல் சிரிக்கிறாய். நீ சிரிக்கும் படம் உலகத்தில் அது ஒன்றுதான். ஆனால் நீ காமிராவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சின்னவன் பக்கம் திரும்பி அவனைப் பார்த்துச் சிரிக்கிறாய். உன் இடது கை அவன் தோளில். என் பக்கத்துக் கை முந்தானையைப் பிடித்திருக்கிறது.

பட்டம் வாங்கியது நான் அம்மா. அன்றைக்குக்கூடவா?

முப்பது வருடமாக அந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை. கிழித்துப் போடவும் முடியவில்லை. பிறகு நீ அவனை வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏற்றி அனுப்பினாய், என்னை ஊரிலேயே வயல் மடைக்குக் காவல் வைத்தாய். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. படத்திறப்பன்று அவன் கேட்டபோது நான் வாய்திறக்காமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். அதைக் கொடுத்தால், நீ யாரை நினைத்துச் சிரித்தாய் என்று ஊருக்கே மாட்டிக் காட்டியதாகும்.

தேன்மொழியைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை.

"ஆமாப்பா, பாத்தேன். சித்தப்பாவுக்கு அனுப்பினேன். செவுத்தளவும் அனுப்பினேன். தானே பெருசா போட்டு எடுத்துட்டு வர்றேன்னாங்க. நான்தான் வேணாம்னேன். அப்பாதான் செய்யணும்னேன்."

ஆக, என் சந்தேகம் சரிதான். ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. சின்னவன் பேசி அனுப்பியதை என் முன்னால் ஓடவிட்டாள். இரண்டு வருடம் கழித்து அவன் குரல்.

"தேனு, இந்தப் படம் அண்ணன்கிட்டயா இருந்துச்சு? இத எடுக்கையில என்னா நடந்துச்சு தெரியுமா? நான் அப்பவே உங்கப்பாவவிட ஒசரம். அம்மா என் தோள்ல கைய வச்சு அமுக்குறாங்க. ‘குனிடா, அண்ணன் ஒசரமா தெரியட்டும். இன்னைக்கு அவன் நாளு’ன்னு. அந்தாளு போட்டோ எடுக்க நேரமாக்கிட்டாரு, எனக்கு முட்டி வலி. இன்னும் குனிஞ்சா உக்காந்துடுவேம்மான்னேன். அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு. அண்ணன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. மனசு ஒடிஞ்சிடுவானாம்."

நான் நம்பவில்லை. கதை கட்டுவது அவனுக்குக் கைவந்த கலை. நீயும் இல்லை, போட்டோ எடுத்தவரும் இல்லை. சாட்சி இல்லாத இடத்தில்தான் இப்படிப்பட்ட கதைகள் நன்றாக வளரும். தேன்மொழியிடம் ஒன்றும் சொல்லாமல் படத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் பஸ் ஏறித் திருவையாற்றுக்குப் போனேன். என் திட்டத்தை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. சின்னவனை வெட்டிவிட்டு நம் இருவரையும் மட்டும் பெரிதாகப் போட்டு மாட்டுவது. அவன் கேட்டது உன் படம் சுவரில் இருக்கிறதா என்றுதானே? இருக்கும்.

பேனர் அச்சடிக்கும் கடை. கம்ப்யூட்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"காதுகுத்தா, கண்ணீர் அஞ்சலியா சார்?"

"ரெண்டும் இல்ல. வீட்டுச் செவுத்துக்கு. ஆனா எங்க வீட்டுல ஓதம்."

"ஓதத்துக்கு ஃப்ளெக்ஸ்தான் சார் தாங்கும். பின்னால மரச்சட்டம் அடிச்சுத் தர்றோம். கண்ணாடி ஃபிரேம் மாதிரி ஈரத்த இழுக்காது."

படத்தை ஸ்கேன் செய்து திரையில் ஏற்றினாள். "இந்தப் பக்கம் இருக்கிற பையன எடுத்துடும்மா" என்றேன். அவள் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். உன் முகம் திரை முழுக்க வந்து, கழுத்து நகர்ந்து, கைக்கு வந்தது.

"எடுக்கலாம் சார். ஆனா இந்த அம்மா கை அவரு தோள்ல நல்லா அழுத்தியிருக்கு. சட்டை எப்படிக் கசங்கியிருக்கு பாருங்க. அவர எடுத்தா கையையும் வெட்டணும்." படத்தைக் கீழே இறக்கினாள். பிறகு சிரித்தாள். "ஏன் சார், இவரு என்ன நாற்காலியில உக்கார்ற மாதிரி நிக்கிறாரு? முட்டி ரெண்டும் மடங்கியிருக்கு."

திரையில் சின்னவனின் முழங்கால்கள் இரண்டும் தேங்காய் அளவுக்குத் தெரிந்தன. காக்கி விளிம்புக்குக் கீழே மடங்கி, முன்னால் துருத்திக்கொண்டு. உன் சேலையின் நிழலில் பாதி மறைந்துதான் இருந்தன. உள்ளங்கை அளவு படத்தில் முப்பது வருடமாக நான் பார்த்தது ஒரு கையையும் ஒரு சிரிப்பையும்தான். முழங்காலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இந்தப் பெண்ணையும் சின்னவன் பேசி வைத்திருப்பானோ என்று ஒரு கணம் தோன்றியது. எந்தக் கடைக்குப் போவேன் என்று பஸ்ஸை விட்டு இறங்கும்வரை எனக்கே தெரியாது. அதனால் அந்தச் சந்தேகத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

"வெட்டவா சார்?"

"வேணாம். அப்படியே போடு. முழங்கால் தெரியணும்."

அம்மா, ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் மனம் ஒடிந்துபோவேன் என்று பயந்தாய். சொல்லாமல் விட்டதில் ஒடிந்ததை என்ன செய்வது? அவனாவது சொல்லியிருக்கலாம். உனக்குச் செய்த சத்தியம் என்கிறான். படத்திறப்பன்று நான் அவனைப் பார்த்துச் சபையைச் சிரிக்க வைத்தபோதும் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினானா? அல்லது அந்தப் படமே அவனுக்கு மறந்துபோயிருந்ததா? இன்னும் எனக்கு எல்லாம் தெளிந்துவிடவில்லை. விமானம் ஏற்றிய கணக்கு அப்படியேதான் இருக்கிறது. முழங்கால் கணக்கு மட்டும் தீர்ந்தது.

சட்டம் அடித்த படம் வந்துவிட்டது. ஆறடி நீளம், நாலடி உயரம். சுவரின் அடியில் சாய்த்து வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு முறம் மாட்டட்டுமா என்று கலா கேட்டாள். சரி என்றேன். காசுமாலைப் படத்தைப் பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் துடைத்து மேசை மேல் வைத்திருக்கிறேன். அது நீ இல்லை. ஆனால் அது அவன் ஆசை. அவன் எங்கே வைக்கச் சொல்கிறானோ அங்கே இருக்கட்டும்.

நேற்றுத் தேன்மொழி கேட்டாள், "சித்தப்பாவுக்கு என்ன சொல்லட்டும்?" என்று.

"படம் இருக்கு, இன்னும் மாட்டல, மேல் ஆணி அடிக்க ஆள் வேணும்னு சொல்லு."

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவன் வாசலில் செருப்பைக் கழற்றியதும் சுத்தியலைக் கையில் கொடுப்பேன். படத்தை நான் கீழே தாங்கிப் பிடித்துக்கொள்வேன். பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்துப் பழைய பழக்கத்தில் அவன் முட்டியை மடக்கினால், "நிமிந்து நின்னு அடிடா" என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உன் பெரியவன்